தாம் லுவாங் குகைக் கதை: ஆவணப்படமா, சினிமாவா, சீரிஸா?

போன வாரம் அக்கா போன் பண்ணினாள். "தாய்லாந்துல ஒரு குகைக்குள்ள பசங்க மாட்டிக்கிட்டாங்களே, அதைப் பத்தி நாலஞ்சு படம் வரிசையா காட்டுதுடா. வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லாரும் உக்காந்து பார்க்கலாம்னு இருக்கோம். எதைப் போடுறது?" ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். ஆனால் அந்தச் சம்பவத்தைப் பற்றி வந்தவற்றைச் சில வருடங்களாக ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவன் என்பதால் சட்டென்று ஒன்றைச் சொல்ல மனம் வரவில்லை. "யார் யார் பார்க்கப் போறீங்க?" என்று கேட்டேன். அவள், அத்தான், 11 வயதுப் பையன். அங்கேதான் யோசிக்க வேண்டியதாயிற்று. அவளிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் குழப்பம் அவளுக்கு மட்டும் இருக்காது. உண்மையில் நடந்த ஒரு விஷயம் ஆவணப்படமாக இருக்கிறது, சினிமாவாக இருக்கிறது, சீரிஸாகவும் இருக்கிறது, நம் கையில் இருப்பதோ ஒரு ராத்திரி.

சம்பவம் மறந்துபோயிருந்தால் இதோ. 2018 ஜூன் 23. வட தாய்லாந்தின் சியாங் ராய் மாகாணத்தில், கால்பந்துப் பயிற்சி முடிந்த கையோடு 12 பையன்களும் 25 வயதுத் துணைப் பயிற்சியாளர் எக்கும் தாம் லுவாங் குகைக்குள் போகிறார்கள். பையன்களுக்கு 11 முதல் 16 வயது. மழை பிடித்துக்கொள்கிறது, வெள்ளம் திரும்பும் வழியை அடைத்துவிடுகிறது. ஜூலை 2-ம் தேதி ரிக் ஸ்டாண்டன், ஜான் வொலாந்தன் என்ற இரண்டு பிரிட்டிஷ் குகை டைவர்கள், வாசலிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் உள்ளே ஒரு மேட்டில் 13 பேரையும் உயிரோடு கண்டுபிடிக்கிறார்கள். ஜூலை 8, 9, 10 ஆகிய மூன்று நாட்களில் அத்தனை பேரையும் வெளியே கொண்டுவருகிறார்கள். எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. டைவிங் என்றால் என்னவென்றே தெரியாத பையன்களுக்கு மயக்க மருந்து கொடுத்து, முகம் முழுக்க மூடும் மாஸ்க் மாட்டி, கைகளைப் பின்னால் கட்டி, கண் தெரியாத சேற்றுத் தண்ணீருக்கடியில் ஒவ்வொருவராக இழுத்து வந்தார்கள். முடிவு தெரிந்த கதைதான். ஆனாலும் இதை ஐந்து விதமாகப் பார்த்த பிறகும் எனக்கு அலுக்கவில்லை.

முதலில் ஆவணப்படம். 2021-ல் வந்த 'தி ரெஸ்க்யூ', 107 நிமிடம், எலிசபெத் சாய் வசர்ஹெலியும் ஜிம்மி சின்னும் இயக்கியது. என்னைக் கேட்டால், இந்தக் கதைக்கு ஒரே ஒரு ராத்திரிதான் ஒதுக்க முடியும், வீட்டில் பெரியவர்கள் மட்டும்தான் என்றால் இதைப் போடுங்கள், வேறு யோசனையே வேண்டாம். இது வெறும் பேட்டிப் படம் என்று நினைத்துப் பலர் தாண்டிப் போகிறார்கள், நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். பேட்டிதான். ஆனால் பேட்டி கொடுப்பவர்களின் முகங்களைப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டன் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வொலாந்தன் கணினி வேலை பார்க்கிறவர். குகைக்குள் டைவ் அடிப்பது இவர்களுக்கு வார இறுதிப் பொழுதுபோக்கு. உலகத்தில் வெகு சிலர் மட்டும் ஈடுபடும் ஒரு வினோதமான பொழுதுபோக்கு, அதற்கான கருவிகளைக்கூடத் தாங்களே வீட்டில் செய்துகொள்கிறவர்கள். கூட்டத்தோடு ஒட்டாத, அதிகம் பேசாத, உணர்ச்சியை வெளியே காட்டாத ஆட்கள். ஒரு நாட்டின் கடற்படைக்கே முடியாத வேலை இவர்கள் கையில் வந்து விழுகிறது. உணர்ச்சியைக் காட்டாத குணம்தான் இருட்டுத் தண்ணீருக்குள் இவர்களைக் காப்பாற்றுகிறது என்பதைப் படம் மெல்ல மெல்லப் புரியவைக்கிறது. அதனால்தான் கடைசியில் அந்த முகங்களில் ஒன்று லேசாகக் கலங்கும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது.

இந்தப் படத்தில் ஒரு இடம் உண்டு, நான் அதை மூன்று தடவை பார்த்துவிட்டேன். மயக்க மருந்து டாக்டர் ரிச்சர்ட் ஹாரிஸ், ஆஸ்திரேலியாக்காரர், அவரே ஒரு குகை டைவர். மயக்கம் கொடுத்துக் கூட்டிவரலாம் என்று முதலில் கேட்டபோது நடக்கவே நடக்காது என்றுதான் சொல்கிறார். பிறகு வேறு வழியே இல்லை என்றாகிறது. மழை மறுபடி வரப்போகிறது, குகைக்குள் ஆக்ஸிஜன் 15 சதவீதம் வரைக்கும் இறங்கிவிட்டது, உள்ளே சிலிண்டர் கொண்டுபோய்விட்டுத் திரும்பிய சமன் குனான் என்ற முன்னாள் கடற்படை சீல் வீரர் ஜூலை 6-ம் தேதி உயிரை விட்டுவிட்டார். சரி, செய்கிறேன் என்கிறார் டாக்டர். ஒரு பையனும் பிழைக்கமாட்டான் என்ற எண்ணத்தோடுதான் செய்கிறார். முதல் பையன் மேட்டிலிருந்து இறங்கி வந்து அவர் மடியில் உட்காருகிறான். ஊசி போடுகிறார். பையன் துவண்டதும் மாஸ்க்கை மாட்டி, முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கி, குமிழி வருகிறதா என்று காத்திருக்கிறார். இதை அவர் சொல்லும்போது படத்தில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார், அவ்வளவுதான். தன் கையால் ஒரு குழந்தையின் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தவர், வருடங்கள் கழித்து அதைச் சொல்வதற்கு வார்த்தை தேடுகிறார். எந்த நடிகராலும் இதைத் தர முடியாது என்று அப்போது தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

அதே நேரத்தில் இந்த ஆவணப்படத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது. தாய்லாந்துக் கடற்படையினர் எடுத்து வைத்திருந்த 87 மணி நேரக் காட்சிகள், இயக்குநர்கள் இரண்டு வருடம் பேசிப் பேசி, எடிட்டிங் முடியப்போகும் நேரத்தில்தான் கைக்கு வந்தன. பையன்கள் மேட்டில் உட்கார்ந்திருப்பது, டைவர்கள் குகைக்குள் போவது வருவது எல்லாம் அதில் உண்டு. ஆனால் பையன்களைத் தண்ணீருக்கடியில் இழுத்து வந்த அந்தப் பயணத்தை யாரும் படம் எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. ஆகவே தண்ணீருக்கடியில் நாம் பார்க்கும் பல காட்சிகள், அதே டைவர்களை வைத்து, அதே கருவிகளை மாட்டி, பிறகு தொட்டியில் எடுத்தவை. எது அன்றைக்கு எடுத்தது, எது பிறகு எடுத்தது என்று முதல் தடவை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தெரிந்தபோது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தேன். செய்தவரே தான் செய்ததைச் செய்துகாட்டுகிறார், கையை எங்கே வைத்தேன், பையனை எந்தப் பக்கம் பிடித்தேன் என்று. ஏமாற்று வேலை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் ஆவணப்படம் என்றால் எல்லாமே அந்த நிமிடத்தில் எடுத்தது என்று நம்பிப் பார்க்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய குறை வேறு ஒன்று. இந்த 107 நிமிடத்தில் அந்தப் பையன்கள் வாய் திறந்து தங்கள் கதையைச் சொல்வதே இல்லை. உள்ளே இருந்த நாட்களில் அவர்கள் என்ன பேசினார்கள், எதைக் குடித்தார்கள், யார் அழுதார்கள், ஒன்றும் தெரியாது. காரணம் கலை சம்பந்தப்பட்டதே இல்லை. பையன்கள், பயிற்சியாளர் ஆகியோரின் கதை உரிமையை 2019-லேயே நெட்ஃப்ளிக்ஸ் வாங்கிவிட்டது. டைவர்கள் ஒரு பக்கம், பையன்கள் ஒரு பக்கம் என்று கதை பிரிந்துபோனது அங்கேதான். இது தெரிந்த பிறகுதான் ஏன் இத்தனை படங்கள், ஏன் ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று எனக்கு விளங்கியது. எதைப் பார்ப்பது என்று முடிவு செய்ய எனக்கு மிகவும் உதவியதும் இதுதான். நடிகர் யார், இயக்குநர் யார், எத்தனை ஸ்டார் என்பதையெல்லாம் விட, இந்தப் படத்தில் பேசுவது யார், பேச முடியாமல் போனது யார் என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சினிமாவுக்கு வருவோம். 'தர்ட்டீன் லைவ்ஸ்', 2022, ரான் ஹோவர்ட் இயக்கியது. ஸ்டாண்டனாக விகோ மார்ட்டென்சன், வொலாந்தனாக காலின் ஃபாரல், டாக்டர் ஹாரிஸாக ஜோயல் எட்கர்டன். 147 நிமிடம் ஓடுகிறது. பெரிய நடிகர்கள் தாய்லாந்துக்குப் போய்க் காப்பாற்றுகிற படமாக இருக்கப்போகிறது என்று பயந்துதான் போட்டேன். அப்படி இல்லை. நடிகர்கள் தங்களை மறைத்துக்கொண்டு நடித்திருக்கிறார்கள், பின்னணி இசை அழவைக்கப் பார்ப்பதில்லை. தண்ணீருக்கடியில் மூச்சு விடும் சத்தமும் சிலிண்டர் பாறையில் இடிக்கும் சத்தமும் மட்டும் கேட்கும் நிமிடங்கள் நிறைய. ஆஸ்திரேலியாவில் குகையை செட்டாகப் போட்டு எடுத்திருக்கிறார்கள், நடிகர்களே உள்ளே டைவ் அடித்திருக்கிறார்கள். எங்கே எவ்வளவு தூரம் உள்ளே இருக்கிறோம் என்று குகையின் வரைபடத்தைத் திரையில் அவ்வப்போது காட்டுவது சின்ன விஷயம்தான், ஆனால் அந்த இடுக்கு எவ்வளவு நீளம் என்ற கணக்கு நம் உடம்பில் ஏறுவது அதனால்தான்.

ஆவணப்படத்தில் அவ்வளவாக இடம் கிடைக்காத ஒன்று இதில் உண்டு. மலைமேல் நடந்த வேலை. குகைக்கு மேலே மழைத்தண்ணீர் இறங்கும் ஓட்டைகளைத் தேடி அடைப்பது, ஓடைகளை மூங்கிலும் குழாயும் வைத்துத் திருப்பிவிடுவது, அந்தத் தண்ணீரைக் கீழே யார் வயலில் விடுவது. நட்ட வயல் மூழ்கிவிடும் என்று தெரிந்தும் விவசாயிகள் சம்மதிக்கிறார்கள். இது உண்மையிலேயே நடந்தது. படத்தில் சில நிமிடங்கள்தான் வருகிறது, பெரிய வசனம் கிடையாது. பையன்களுக்காகத்தானே, விடுங்கள் என்கிற தோரணையில் முடிந்துவிடுகிறது. எனக்கு டைவிங் காட்சிகளுக்கு இணையாக நெஞ்சில் நின்றது அதுதான். அந்த மீட்புப் பணியில் 10,000 பேருக்கு மேல் ஈடுபட்டார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், ஆனால் அந்த எண் எப்படி இருக்கும் என்று கண்ணால் காட்டியது இந்தப் படம்தான்.

ஒரே சம்பவத்தை இரண்டும் எப்படிச் சொல்கின்றன என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு இடம் சொல்கிறேன். கடைசி நாள். கிறிஸ் ஜூவல் என்ற டைவர் ஒரு பையனை இழுத்து வரும்போது வழிகாட்டிக் கயிறு கையை விட்டு நழுவிவிடுகிறது. அந்தத் தண்ணீரில் கண்ணுக்கு எதிரே கை வைத்தாலும் தெரியாது. கயிறு போனால் எல்லாம் போச்சு. ஆவணப்படத்தில் ஜூவல் அதைத் தானே சொல்கிறார், மெதுவாக, ஒரு கையில் பையன், மறு கையால் தடவுகிறேன் தடவுகிறேன் என்று. கேட்கிற நமக்குத் தெரியும், இவர் உயிரோடு உட்கார்ந்து பேசுகிறார், பையனும் பிழைத்துவிட்டான் என்று. தெரிந்தும் கை வியர்க்கிறது. சினிமாவில் அதே இடத்தில் நாம் அந்த இருட்டுக்குள் மாட்டிக்கொள்கிறோம். திரை கிட்டத்தட்டக் கறுப்பு. ஒரு கை பாறையைத் தடவுகிறது, ஒன்றும் இல்லை, மறுபடி தடவுகிறது. கயிற்றுக்குப் பதில் ஒரு மின்சாரக் கேபிள் கையில் அகப்படுகிறது, அதைப் பிடித்துக்கொண்டு போனால் வந்த வழியிலேயே பின்னால் போய் நிற்கிறார். அந்த மனிதர் என்ன உணர்ந்தார் என்று தெரிய வேண்டுமா, ஆவணப்படம். அந்த நிமிடம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமா, சினிமா. இதில் எது மேல் என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் ஆவணப்படத்தை முதலில் பார்த்துவிட்டுச் சினிமாவுக்குப் போனால் அந்தக் கறுப்புத் திரையில் யார் கை தடவுகிறது என்று நமக்கு முன்பே தெரிந்திருக்கும், அது காட்சியை இன்னும் கனமாக்குகிறது. மாற்றிப் பார்த்தால் ஆவணப்படத்தில் பேசுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நடிகர் முகம்தான் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருக்கும். நண்பர் ஒருவர் அப்படித்தான் மாற்றிப் பார்த்துவிட்டு, ஸ்டாண்டனை நிஜ ஸ்டாண்டனாக ஏற்றுக்கொள்ளவே அரை மணி நேரம் ஆயிற்று என்றார்.

'தாய் கேவ் ரெஸ்க்யூ' சீரிஸ் 2022 செப்டம்பரில் வந்தது, 6 எபிசோட். பையன்களின் கதை உரிமையை வாங்கிய நெட்ஃப்ளிக்ஸின் சீரிஸ், அதனால் இது பையன்களின் கதை. எக் முன்பு புத்த மடத்தில் இருந்தவர், குகைக்குள் பையன்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்து அமைதியாக வைத்திருக்கிறார். கீழே கிடக்கும் சேற்றுத் தண்ணீரை விட்டுவிட்டுப் பாறையில் சொட்டும் நீரைக் குடிக்கிறார்கள். கல்லை எடுத்துச் சுவரைத் தோண்டுகிறார்கள், வெளியே போய்விடலாம் என்று. கல்லால் மலையைத் தோண்டி யாரும் வெளியே போய்விட முடியாது, ஆனால் கைக்கு ஒரு வேலை வேண்டுமே. அப்புறம் பையன்களில் சிலருக்கும் பயிற்சியாளருக்கும் எந்த நாட்டுக் குடியுரிமையும் கிடையாது என்ற விஷயம். உலகமே பெயர் சொல்லி வேண்டிக்கொண்ட பையன்களில் மூன்று பேரிடமும் எக்கிடமும் நாட்டின் அடையாளக் காகிதம் இல்லை. மீட்புக்குப் பிறகு அதே ஆண்டு ஆகஸ்டில்தான் குடியுரிமை கிடைத்தது. இது போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை, உட்கார்ந்து சொல்ல நேரம் வேண்டும். சீரிஸுக்குத்தான் அந்த நேரம் இருக்கிறது.

ஆனால் 6 எபிசோட் எனக்கு நீளம்தான். நடுவில் இரண்டு எபிசோட் அதிகாரிகள் சம்பந்தப்பட்ட காட்சிகளில் தள்ளாடுகிறது, சேர்த்துக்கொண்ட பாத்திரங்கள் சேர்த்துக்கொண்ட மாதிரியே தெரிகிறார்கள், இசை இங்கே அழுங்கள் என்று கையைப் பிடித்து இழுக்கிறது. அதே சமயம் உண்மையான குகைப் பகுதியிலும் பையன்களின் நிஜ வீடுகளிலும் எடுத்திருக்கிறார்கள், அந்த வீடுகளின் சின்ன அறைகளைப் பார்த்தாலே பாதிக் கதை புரிகிறது. எக் ஆக நடித்த பீம் என்கிற பாபங்கோர்ன், சீரிஸ் வெளிவருவதற்கு முன்பே 2022 மார்ச்சில் இறந்துவிட்டார், 25 வயது. நான் அது தெரியாமல்தான் பார்த்தேன். தெரிந்த பிறகு முதல் எபிசோடை மறுபடி போட்டேன். அமைதியான நடிப்பு, பையன்களை எண்ணிக்கொண்டே இருக்கும் கண்கள்.

இன்னும் இரண்டு இருக்கின்றன, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 2022 அக்டோபரில் வந்த 'தி ட்ராப்டு 13' ஆவணப்படத்தில் பையன்களே உட்கார்ந்து பேசுகிறார்கள். சீரிஸுக்கு நேரம் இல்லை, ஆனால் பையன்கள் பக்கம் தெரிய வேண்டும் என்றால் இதுவே போதும். பயிற்சியாளர் குகைக்குள்ளிருந்து பெற்றோருக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார், பெற்றோர்கள் உங்களைக் குற்றம் சொல்லவில்லை என்று பதில் எழுதினார்கள். அதைத் தெரிந்துகொண்டு இதில் எக் பேசும்போது அவர் கண்ணைப் பாருங்கள். 2019-ல் முதலாவதாக வந்த சினிமா 'தி கேவ்', டாம் வாலர் எடுத்தது. மீட்பில் பங்கெடுத்த ஜிம் வார்னி என்ற டைவர் தானாகவே நடித்திருக்கிறார். அவசரமாக எடுத்த படம் என்று தெரிகிறது, மற்றவை எல்லாம் பார்த்து முடித்தவர்கள் ஆர்வம் இருந்தால் பார்க்கலாம்.

இந்தக் குகைக் கதையில் நான் ஆவணப்படத்தின் பக்கம் நிற்பதால் எப்போதும் ஆவணப்படம்தான் நல்லது என்று சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு நேர்மாறாக நடந்த அனுபவமும் உண்டு. பிலிப் பெடி என்ற பிரெஞ்சுக்காரர் 1974 ஆகஸ்ட் 7-ம் தேதி நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே கம்பி கட்டி, 400 மீட்டருக்கு மேல் உயரத்தில், ஏறக்குறைய முக்கால் மணி நேரம் நடந்தார், போலீஸ் இரண்டு பக்கமும் நின்று கூப்பிடக் கூப்பிட. இதைப் பற்றி 2008-ல் வந்த 'மேன் ஆன் வயர்' ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படம். திருட்டுத்தனமாகக் கோபுரத்துக்குள் நுழைந்து கம்பியை ஏற்றுவதை ஒரு கொள்ளைப் படம் மாதிரி சொல்கிறது, அற்புதம். ஆனால் நடந்த நடையை யாரும் வீடியோ எடுக்கவில்லை, இருப்பவை சில புகைப்படங்கள் மட்டும். படத்தின் உச்சத்தில் அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அழகுதான். இருந்தாலும் எனக்கு அந்த நடையைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. 2015-ல் ராபர்ட் செமெக்கிஸ் எடுத்த 'தி வாக்' அந்தக் குறையைத் தீர்த்தது. முதல் ஒரு மணி நேரம் சுமார்தான், ஆனால் காலைக் கம்பியில் வைக்கிற நிமிடத்திலிருந்து உள்ளங்கால் கூசுகிறது, நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். கேமரா இல்லாத இடத்துக்குச் சினிமா போகட்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

கேமரா இருந்த இடத்துக்கு உதாரணம் நிலவுப் பயணம். 2019-ல் வந்த 'அப்போலோ 11' ஆவணப்படத்தில் விவரிக்கும் குரலும் கிடையாது, பேட்டியும் கிடையாது. 1969-ல் எடுத்த படச்சுருள்களும் அன்றைய ஒலிப்பதிவுகளும் மட்டும். 93 நிமிடம். அந்தப் பெரிய படச்சுருளில் எடுத்த காட்சிகள் நேற்று எடுத்தது போலத் துலக்கமாக இருக்கின்றன, ராக்கெட்டைச் சுமந்து மெல்ல நகரும் அந்த வண்டியின் இரும்புச் சக்கரப் பட்டைக்குப் பக்கத்தில் நடந்து போகும் மனிதரைப் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. அதற்கு ஒரு வருடம் முன்பு வந்த 'ஃபர்ஸ்ட் மேன்' சினிமாவும் எனக்குப் பிடிக்கும், ஆம்ஸ்ட்ராங்கின் மகள் இரண்டு வயதில் இறந்த துக்கத்தை அது நிலவு வரைக்கும் தூக்கிக்கொண்டு போகிறது. ஆனால் நிலவில் மகளின் கைச்சங்கிலியை அவர் போடுவதாக வரும் காட்சிக்கு எந்த ஆதாரமும் இல்லை, அது எழுதியவர்களின் கற்பனை. அழுதுவிட்டுத்தான் அதைத் தெரிந்துகொண்டேன். நடந்ததுக்கு இவ்வளவு படச்சுருள் கையில் இருக்கும்போது எனக்குக் கற்பனை தேவைப்படவில்லை.

சீரிஸ் எப்போது ஜெயிக்கிறது? 2019-ல் வந்த 'செர்னோபில்' பார்த்தவர்களுக்குத் தெரியும். 5 எபிசோட், ஒன்றுகூட வீண் இல்லை. ஒரு அணு உலை வெடித்தது என்பது ஒரு ராத்திரிச் செய்தி. அதற்குப் பிறகு பொய் எப்படிப் படிப்படியாக மேலே ஏறுகிறது, சுரங்கம் தோண்டியவர்கள் யார், கூரையில் கிடந்த கதிரியக்கக் கட்டிகளை 90 வினாடிக்கு ஒருவராக ஓடிப்போய் அள்ளிப் போட்டவர்கள் யார் என்று சொல்ல இரண்டு மணி நேரம் போதாது. அந்தக் கூரைக் காட்சியில் நாமும் 90 வினாடி மூச்சு விடாமல் இருக்கிறோம். இதிலும் கற்பனை உண்டு. உலானா கோம்யுக் என்ற விஞ்ஞானி ஒரு நிஜ மனிதர் இல்லை, பல விஞ்ஞானிகளைச் சேர்த்து உருவாக்கிய பாத்திரம். கடைசியில் சீரிஸே அதைத் திரையில் எழுதிச் சொல்லிவிடுகிறது, அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ஆனால் கடைசி எபிசோடில் லெகாசோவ் என்ற நிஜ விஞ்ஞானி நீதிமன்றத்தில் நின்று எல்லாவற்றையும் விளக்குகிறாரே, உண்மையில் அவர் அந்த விசாரணைக்கு வரவே இல்லை. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தாலும் சீரிஸின் பலம் குறையவில்லை. தாம் லுவாங் சீரிஸில் எனக்கு நீளமாகத் தெரிந்தது செர்னோபிலில் தெரியாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்: ஒன்றில் விஷயம் பரந்து கிடக்கிறது, இன்னொன்றில் 18 நாள், ஒரு குகை, ஒரு கேள்வி.

மொழி விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அக்கா டப்பிங் இருக்கிறதா என்று கேட்டாள். எந்தப் படத்துக்கு வேண்டுமானாலும் டப்பிங் போடுங்கள், இதற்கு வேண்டாம். இந்தக் கதையே பாதி மொழிக் கதை. இரண்டு ஆங்கிலேயர்கள் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி, இருட்டில் டார்ச் அடித்து, எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். பையன்களில் ஒருவனுக்குத்தான் ஓரளவு ஆங்கிலம் வரும். 13 என்று பதில் வருகிறது. இவர்கள் ஆங்கிலத்தில் பேச, அங்கே பையன்கள் தாய் மொழியில் தங்களுக்குள் கிசுகிசுக்க, பசிக்கிறது என்று சொல்லு சொல்லு என்று ஒருவன் இன்னொருவனைத் தூண்ட. எல்லோரும் ஒரே மொழியில் பேசினால் அந்த இடம் செத்துவிடும். சப்டைட்டில் படிக்கக் கஷ்டமாக இருந்தால் எழுத்தின் அளவைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான டிவிகளில் அமைப்புக்குள் போனால் மாற்றலாம்.

சரி, குழந்தையோடு பார்ப்பது. அக்கா வீட்டுப் பையனுக்கும் அந்த அணியில் மிகச் சின்னவனுக்கும் ஒரே வயது, 11. ஆவணப்படத்தில் ரத்தம் கிடையாது, கெட்ட வார்த்தை பெரிதாகக் கிடையாது, ஆனால் தன் வயதுப் பையனை மயக்கிக் கட்டித் தண்ணீருக்குள் அமுக்குவதை ஒரு டாக்டர் விவரிப்பதை அவன் எப்படி எடுத்துக்கொள்வான் என்று எனக்கு உறுதியில்லை. சினிமாவில் அதைக் கண்ணாலேயே பார்க்க வேண்டும், ஒரு பையன் நடுவழியில் நினைவு தெளியத் தொடங்கும் காட்சியும் உண்டு, சமன் குனான் இறப்பதும் உண்டு. சீரிஸில் இதே விஷயங்கள் வந்தாலும், அதற்குள் அந்தப் பையன்களோடு நாலு எபிசோட் பழகியிருப்போம், அவர்கள் விளையாடுவதையும் சிரிப்பதையும் பார்த்திருப்போம், வீட்டுக்கு வந்து சேர்வதையும் நிதானமாகக் காட்டுகிறது. எனக்கு நீளமாகத் தெரிந்த அந்த நீளம்தான் ஒரு குழந்தைக்குத் தேவையானது. அதனால் அவளிடம் இப்படிச் சொன்னேன்: வெள்ளிக்கிழமை பையன் தூங்கின பிறகு நீங்கள் இரண்டு பேரும் ஆவணப்படம் பாருங்கள், விடுமுறையில் பையனோடு சீரிஸ், ஒரு நாளைக்கு ஒரு எபிசோட், அதற்கு மேல் வேண்டாம். சினிமாவை அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பகல் வெளிச்சத்தில் போடாதீர்கள், படத்தில் பாதி இருட்டு, ஜன்னல் வெளிச்சம் டிவியில் விழுந்தால் ஒன்றும் தெரியாது.

நான் சொன்னபடி அவள் செய்யவில்லை. ஆவணப்படம் ஆரம்பித்த பத்தாவது நிமிடத்தில் பையன் எழுந்து வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டானாம், அனுப்ப மனம் வரவில்லையாம். மறுநாள் அவனே போனை வாங்கி என்னிடம் பேசினான். பயந்தாயா என்று கேட்டேன். இல்லை என்றான். கொஞ்சம் பொறுத்து, "மாமா, ஏன் கையைக் கட்டுனாங்க?" என்றான். பாதி வழியில் முழிப்பு வந்தால் பயத்தில் மாஸ்க்கைப் பிடுங்கிவிடுவான்டா, தண்ணீர் உள்ளே போய்விடும், கூட்டிவருகிறவருக்கும் ஆபத்து என்று சொன்னேன். யோசித்தான். "அப்போ அவங்களுக்கு அந்தப் பயணம் ஞாபகமே இருக்காது, இல்ல?" என்றான். இருக்காது என்றேன். அவங்க கிட்டயே கேட்கணும் என்றான். இப்போது சீரிஸில் மூன்றாவது எபிசோடில் இருக்கிறார்கள்.